நடுவில் இருப்பவர்

"எனக்கு உங்க விலாசம் வேணும். அது தெரியாம நான் ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது."

"நீங்களா அனுப்புவீங்க? உங்ககிட்ட ஆம்புலன்ஸ் இருக்கா அண்ணே?" என்று போனில் கேட்டான் ஒல்லி.

"நான் இல்ல தம்பி. ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல இருக்கற அம்மா கேக்கறாங்க. அவங்க சொல்றதை அப்படியே நான் தமிழ்ல சொல்வேன். நீங்க சொல்றதை அப்படியே அவங்க மொழியில சொல்வேன். அதனால நான்னு சொன்னா நான் இல்ல."

"அப்ப யாரு?"

"உங்ககிட்ட சொன்னா அவங்க. அவங்ககிட்ட சொன்னா நீங்க."

ஒல்லிக்குத் தலை சுற்றியது. வயிறு அதற்கு முன்பே சுற்ற ஆரம்பித்திருந்தது. படிக்க வந்த நாட்டில், வாடகை அறையின் வெறும் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான். வலது பக்கம் அடிவயிற்றில் யாரோ திருப்புளியை வைத்து முறுக்குவது போல வலி. அறையில் கூட இருப்பவர்கள் காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

பாடத்தைப் புத்தகம் பார்த்து ஒப்பேற்றிவிடுவான். ஊர்க்காரர்கள் பேச்சுதான் பிடிபடவில்லை. கடையில் போய் ரொட்டி வாங்கத் தெரியும். உயிர் போகிறது என்று சொல்லத் தெரியாது. அவசர எண்ணை அழுத்தி "தமிழ், தமிழ்" என்று கத்தினான். எங்கெங்கோ சுற்றி, கடைசியில் இந்த ஆளைப் பிடித்து நடுவில் மாட்டிவிட்டார்கள்.

விலாசத்தைச் சொன்னான். நடுவில் இருந்தவர் அதை அந்த மொழியில் சொல்லிவிட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். வேலையில் சலிப்பு, வேறென்ன! சம்பளம் வாங்குகிறவனுக்கு இவன் வலி என்ன தெரியப்போகிறது?

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"அடிவயிறு. வலது பக்கம். நிமிர முடியல."

அவர் சொன்னார். அந்த அம்மா ஏதோ கேட்டாள். இவரிடமிருந்து சத்தமே இல்லை.

"அண்ணே? தூங்கிட்டீங்களா?"

"இருக்கேன்... இருக்கேன். வாந்தி எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

ஒல்லி சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு அவர் அந்த மொழியில் இழுத்து இழுத்து என்னென்னவோ பேசினார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமா? இந்த ஆள் நடுவில் உட்கார்ந்து என்ன கதை அளக்கிறான்?

அந்த அம்மாவின் குரல் சட்டென்று ஏறியது. படபடவென்று கேட்டாள்.

"நெஞ்சை அடைக்குதா?" என்றார் இவர்.

"இல்லீங்க. வயிறு."

"வலி கைக்கு இறங்குதா? இடது கைக்கு?"

"கையா? வயித்துல இருக்கற வலி எதுக்குங்க கைக்குப் போகுது?"

"வேர்த்துக் கொட்டுதா?"

"குளிருதுங்க! போர்வையை எடுக்கக்கூட எழுந்திரிக்க முடியல."

"குடும்பத்துல யாருக்காவது இதயத்துல கோளாறு?"

"எங்க சித்தப்பாவுக்கு இதயமே கிடையாது. போதுமா? வயிறு அண்ணே, வயிறு!"

இவர்கள் கேட்கிற கேள்விகள் தீர்வதற்குள் நோயாளி செத்து, காரியமும் முடிந்துவிடும். ஒல்லிக்கு வலியை மிஞ்சிக்கொண்டு சந்தேகம் வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் சொல்றதைத்தான் சொல்றீங்களா, இல்ல உங்க இஷ்டத்துக்கு அடிச்சு விடறீங்களா? அந்த மொழியில வயித்துக்கும் நெஞ்சுக்கும் ஒரே பேரா?"

"நீங்க சொன்னதை... அப்படியேதான் சொன்னேன்."

"அப்பறம் ஏன் அந்தம்மா நெஞ்சையே பிடிச்சுத் தொங்குது?"

அந்த அம்மா மறுபடியும் ஏதோ அவசரமாகச் சொன்னாள்.

"அசையாம சாய்ஞ்சு உட்காருங்க. ஹார்ட் ஆம்புலன்ஸா மாத்தி அனுப்பறேன்."

"ஹார்ட்டா?" ஒல்லி அலறினான். "ஐயோ, தப்பான இடத்தை அறுத்து வைக்கப் போறாங்க! சாமி, உங்களுக்குத் தமிழ் ஒழுங்கா தெரியுமா தெரியாதா? என்னைக் கொன்னுடாதீங்க. வேற ஆளைப் போடச் சொல்லுங்க!"

"அதைத்தான் தம்பி... நானும் கேட்டேன்."

"என்னன்னு?"

"எனக்கு முடியல, வேற ஆளைப் போடுங்கன்னு. ரெண்டு தரம் கேட்டுட்டேன். அந்தம்மாவுக்குப் புரியல." மூச்சு வாங்கினார். "என் சொந்த விஷயம்னா 'மொழிபெயர்ப்பாளர் பேசறேன்'னுதான் ஆரம்பிக்கணும். அந்த மொழியில அது ரயில் நீளத்துக்கு ஒரு வார்த்தை. அவ்வளவு நீளத்துக்கு மூச்சு வரல. அந்தம்மா கேக்கறதை எல்லாம் பழக்கதோஷத்துல வாய் தானா உங்ககிட்ட தமிழ்ல சொல்லிடுது."

"நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியல அண்ணே. இப்ப பேசறது யாரு? நீங்களா, அந்தம்மாவா?"

"நான்தான். வீட்ல தனியா உட்கார்ந்து பேசறேன். இவ்வளவு நேரம் 'எனக்கு, எனக்கு'ன்னு உங்க வலியைச் சொல்லிட்டேனா... இப்ப 'எனக்கு'ன்னா அதையும் அந்தம்மா உங்க கணக்குல எழுதிக்குது. நீங்களே உங்க வாயால அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி. வயித்து வலிதான் உங்களுக்கு... நெஞ்சு வலி எனக்கு."

ஒல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அந்த அம்மாவின் மொழியில், சரியோ தப்போ, தொண்டை கிழியக் கத்தினான்: "நான் இல்லை! அவர்! அவர்!"