திக்காமல் ஓடிய வீடியோ

மடிக்கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும், முதல் வேலையாக மகளின் வீடியோவைத் திறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதற்குத்தான் போயிருந்தது. வெளியூரில் அவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி கொடுத்த அறையில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இணையத்தில் படித்துப் படித்து, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மடிக்கணினி யாரோ கழித்துப் போட்டது. லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருந்தான். மற்றதெல்லாம் ஓடும். மனைவி அனுப்பும் வீடியோ மட்டும் திக்கும். மகள் ஓர் எட்டு வைப்பாள், அப்படியே நிற்பாள், அடுத்த கணம் வாசலில் இருப்பாள்.

போனில் பார்க்கலாம் என்றால், அது லிஃப்ட் குழிக்குள் விழுந்ததிலிருந்து திரை முழுக்கச் சிலந்திவலை. வீடியோ காலில் பேசும்போதும் மகளின் முகம் அவ்வப்போது உறைந்துபோகும். அதற்கு அவன் நெட்காரனைத் திட்டுவான்.

அறைத்தோழர் அந்தப் பெட்டியை எடைக்குப் போடச் சொன்னார். குறட்டையால் ஜெனரேட்டர் என்று பெயர் வாங்கியவர், சத்தத்தைப் பற்றிப் பேசலாமா? ஆனாலும் வீடியோ ஓடும்போது அதன் விசிறி போடும் இரைச்சலில் தனக்கே தூக்கம் கெடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார்.

கோளாறு எங்கே என்று இன்றைக்குத்தான் புரிந்தது. வீடியோவை விரித்துக் காட்டும் வேலை மொத்தமும் பிராசஸர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கென்றே இருந்த கிராபிக்ஸ் கார்டு தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தது.

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டான். கார்டைத் தொடவே தன் பயனர் கணக்குக்கு அனுமதியில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அனுமதி கொடுத்தான். இனி இந்த வேலையை கார்டிடம் விடு என்று வீடியோ பிளேயருக்கு ஒரு வரி எழுதிவைத்தான்.

வீடியோ ஓடியது.

விசிறி மூச்சே விடவில்லை. திரையின் மூலையில், திக்கி விட்டுப்போன ஃபிரேம்கள் பூஜ்யம் என்று காட்டியது.

மொட்டைமாடியில் மகள் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். வளையத்தைத் தண்ணீரில் முக்குவதும், கன்னம் உப்ப ஊதுவதும், ஒவ்வொரு குமிழியாக அப்பாவுக்கு என்று சொல்லி அனுப்புவதும், அவனுக்குத் தண்ணீர் ஓடுவதுபோல ஓடின. சிரித்துக்கொண்டான்.

அப்போது படம் நின்றது.

அட, என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தான். பூஜ்யம். பிராசஸர் சும்மா கிடந்தது.

மறுபடி திரையைப் பார்த்தான்.

குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

மகள் மட்டும் அசையவில்லை. வளையம் உதட்டருகே இருந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. வளையத்திலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டி கவுனை நனைத்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஊதினாள்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது முறைதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மகள் நின்ற நேரத்தில் மனைவி கூப்பிடவில்லை. கேமரா மட்டும் மெதுவாக, கொஞ்சமும் ஆடாமல், குழந்தையின் முகத்துக்குக் கிட்டே போனது.

பழைய வீடியோக்களைத் திறந்தான். மூன்று சக்கர சைக்கிள், தலை வாரிக்கொள்வது, சுவரில் கிறுக்குவது. எல்லாவற்றிலும் ஓர் இடத்தில் அவள் நின்றாள். எல்லாவற்றிலும் கேமரா கிட்டே போனது.

துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த ஜெனரேட்டர், எட்டிப் பார்த்துவிட்டு, சாதித்துவிட்டாய் போலிருக்கிறதே என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். வீடியோ இப்போது சரியாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் எங்கோ மகள் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சொல்ல வாய் வரலைங்க. உங்க கண்ணாலயே பாக்கட்டும்னுதான் அனுப்பிக்கிட்டே இருந்தேன்.”

டாக்டரிடம் காட்டிவிட்டதாகச் சொன்னாள். மூளையில் ஒரு கணம் கரண்ட் தடுமாறுவதுபோல என்றாராம். மருந்து இருக்கிறது, ஆனால் ஒரு கணம்கூடத் தனியாக விடக் கூடாது, தண்ணீர்ப் பக்கமோ சாலைப் பக்கமோ விடவே கூடாது என்றாராம். இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றனவாம்.

“குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு கேட்டாரு. ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன். சரிதானேங்க?”

அவனுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது.

தம்பியும் இப்படித்தான் நிற்பான். சாப்பிடும்போது, பேசும்போது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு. பகல்கனவு காண்கிறான் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள், அண்ணனான இவன் முதலில் சாலையைக் கடந்துபோய் எதிர்ப்பக்கத்திலிருந்து வாடா என்று கையாட்ட, ஓடிவந்தவன் நடுச்சாலையில் நின்றான். கண் திறந்திருந்தது. லாரி அடித்த ஹாரன் அவனுக்குக் கேட்கவில்லை.

விபத்து என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கிய அந்தச் சின்னப் பையன் யார் என்று மனைவி கேட்டபோது, அவனும் விபத்து என்றுதான் சொன்னான்.

லைனில் இருக்கிறீர்களா என்று மனைவி கேட்டாள்.

“இருந்துச்சு,” என்றான். “என் தம்பிக்கு.”