கதவுக்கு இந்தப் பக்கம்

"முடியைக் கொஞ்சம் முன்னாடி இழுத்து விடு. இடது பக்கம் அப்படியே தெரியுது பாரு."

"முன்னாடி விட்டதாலதாம்மா போன தடவை திருப்பி அனுப்பினாங்க."

"ஒரேயடியா மூடச் சொல்லலைடி, கொஞ்சமா விடு. வாயை இறுக்கி வை. சிரிச்சுகிரிச்சு வைக்காதே."

ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து அரை மணி நேரத்தில் இருபத்தாறு படம் எடுத்தாயிற்று. ஒன்றுகூடத் தேறவில்லை.

நாலு மாதம் முன்பு, ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது மகளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மாத்திரை, முகப் பயிற்சி என்று அலைந்ததில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. சிரித்தால் மட்டும் உதடு கோணும். அதனால் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்படுவாள்.

இதற்கு நடுவே வேலை கிடைத்தது கடவுள் செயல். ஆனால் அடையாள அட்டைக்கு நேராகப் பார்க்கிற முகம் வேண்டுமாம். இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். அனுப்பிய இரண்டு படமும் திரும்பி வந்துவிட்டன. இன்று நாலு மணிக்குள் ஒழுங்கான படம் போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போதே மணி மூணேகால். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"ரெடியா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மகள் கேமராவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் உதட்டை இறுக்கிக் காட்டினாள். மகளும் இறுக்கிக்கொண்டாள்.

கிளிக்.

"பரீட்சையில பிட் அடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு பாப்பா," என்றார் அவர்.

"நீங்க சரியா எடுத்தா சரியா வரும் தம்பி," என்றாள் அம்மா வெடுக்கென்று.

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் ஓடுகிறது, இந்த மனுஷனுக்கு இப்போதுதான் ஃபோன் கேட்கிறது!

அவர் கேமராவில் ஒரு ஒயரைச் செருகினார். மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாப்பா, கேமராவுல தெரியறது எல்லாம் இனிமே இந்த ஃபோன்ல தெரியும். நான் வெளியே நின்னு இதிலேயே அமுக்கி எடுத்துடுவேன். அந்தச் சிவப்பு விளக்கு எரியற வரைக்கும் கேமரா உன்னைப் பார்த்துட்டிருக்கு. சரியா?"

மகள் தலையாட்டினாள். அவர் ஃபோனோடு வெளியே போய்விட்டார்.

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். உள்ளே வயசுப் பெண். வெளியே ஓர் ஆண்பிள்ளை, கையில் ஃபோன். என்னத்தைப் பார்க்கிறானோ, யாருக்கு அனுப்புகிறானோ, யார் கண்டது?

"நீ அசையாம இரு," என்று மகளிடம் சொல்லிவிட்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"தம்பி, அந்த ஃபோனை இப்படிக் காட்டுங்க."

"இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க."

சண்டைக்குத் தயாராக வந்தவள் அதை வாங்கிக்கொண்டாள். ஃபோனைப் பார்த்தாள்.

அதில் மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். இரண்டு கையாலும் முடியை அள்ளிக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். கன்னத்தை உப்பவைத்தாள், விட்டாள். நேராகக் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

"ஐயையோ, என்ன பண்றா இவ!" அம்மா கதவைத் திறக்கப் போனாள்.

"அம்மா, ரெண்டே நிமிஷம்." அவர் எட்டி ஃபோனில் ஓர் இடத்தைத் தொட்டார்.

உள்ளே கேமரா 'கிளிக்' என்றது. நாக்கை நீட்டியபடியே அகப்பட்டுக்கொண்ட மகள் திடுக்கிட்டாள். உடனே சிரித்துவிட்டாள். உதடு கோணியது. ஒரு கண் சுருங்கியது. அவள் லட்சியம் செய்யவில்லை. கேமராவைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை அம்மா பார்த்து நாலு மாதம் ஆயிற்று.

"அமுக்குங்கம்மா," என்றார் அவர்.

"நானா?"

"அந்த வட்டத்துல. சீக்கிரம்!"

அம்மா கட்டைவிரலால் அமுக்கினாள்.

"சிரிச்ச படத்தை ஒத்துப்பாங்களா தம்பி?"

"நேரா பார்க்கணும், ரெண்டு காதும் தெரியணும்னுதானே கேட்டிருக்காங்க? சிரிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அம்மா ஃபோனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மகளே படத்தை அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில், "ஏத்துக்கிட்டாங்கம்மா!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, உங்களை ஒரு நிமிஷம் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. ஆம்பளை பக்கத்துல நின்னா பிள்ளைக்குக் கூச்சமா இருக்கும்னு நீங்களா வெளியே வந்தீங்க பாருங்க, யாருக்குத் தோணும் அது?"

அவர் மகள் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் நின்னதுல அதுக்கு ஒரு கூச்சமும் இல்லம்மா. ஃபோனை எடுத்துக்கிட்டு நான் வெளியே வந்தா, நீங்களும் பின்னாடியே வந்துடுவீங்கன்னுதான் வந்தேன்."