யார் சொன்னது

"பிரேமளா இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டு கணேஸ்வரன் மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

கோல சிலாங்கூரில் அவருடைய சேவை மையம் அது. மற்ற நிருபர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. தொலைக்காட்சிக்காரர்கள்கூட கேமராவை நிறுத்திவிட்டார்கள். இருந்தும் அவர் கூட்டத்தைத் தொடங்கவில்லை.

மோகனா பின்னால் மீகூன் நூடுல்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, அடுக்கிய தட்டுகளையே மறுபடி அடுக்கினாள். சட்டமன்ற உறுப்பினரின் மனைவி. கட்சிக்காரர்கள் மரியாதையாக அவரை ஒய்பி என்பார்கள், அவளை அக்கா என்பார்கள்.

பிரேமளா வந்தாள். ஹெல்மெட் அமுக்கிய முடி. வெயிலில் கறுத்த கை. சுருக்கம் விழுந்த பருத்திச் சட்டை.

மோகனாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. அழகாக இருந்திருந்தால் காரணமாவது புரிந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எழுதிய கட்டுரை வந்ததிலிருந்து வீட்டில் பிரேமளா பேச்சுதான். கண் விழித்ததும் போனில் அதைத் திறப்பார். குளித்துவிட்டு வந்து இன்னொரு தடவை படிப்பார். "என்ன திமிரா எழுதியிருக்கா பாரு" என்று ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வார். அதைக்கூட மோகனாவைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

இத்தனை வருடத்தில் மோகனா சொன்ன ஒரு வார்த்தையை அவர் இப்படி மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னதில்லை. அவள் எது பேசினாலும் "ம்" என்பார். கண் போனில் இருக்கும்.

இன்று காலை மட்டும் அவளிடம் ஒன்று கேட்டார். இந்தச் சட்டை போட்டால் கோபமாக இருப்பது தெரியுமா என்று.

கட்டுரை, ஆர்டன் தோட்டத்து மக்களுக்குக் கட்டிய புது வீடுகளைப் பற்றியது. ஒய்பி மேடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவி கொடுத்தார். படம் எடுத்தார்கள். இன்று முதல் இது உங்கள் வீடு என்று பேசிவிட்டுக் காரில் ஏறினார். கார் மறைந்ததும் அதிகாரி ஒருவர் பிஸ்கட் டின்னை நீட்டி எல்லாச் சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டார். வீடுகளுக்குத் தண்ணீர் இணைப்பே வரவில்லை. மக்கள் தோட்டத்துப் பழைய லய வீடுகளுக்கே திரும்பிப் போனார்கள்.

டின்னைக்கூட விடாமல் எழுதியிருந்தாள் பிரேமளா.

கணேஸ்வரன் மைக்கை எடுத்தார்.

"பேச்சுரிமை எனக்கும் சட்டத்துல இருக்கு. நான் மேடையில பேசினதைப் பொய்ன்னு பேப்பர்ல போட்டா, அது என் பேச்சுரிமையைப் பறிக்கிறதுதானே?"

"நீங்க பேசுறதை யாரும் தடுக்கலையே, ஒய்பி" என்றாள் பிரேமளா. "மைக் உங்க கையிலதான் இருக்கு. நீங்க பேசுங்க. அது சரியா தப்பான்னு நாங்க எழுதுறோம்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. மேசையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்ததே காதில் விழவில்லை போலிருந்தது.

மோகனாவுக்கு வயிறு எரிந்தது.

"சரி. நீங்க அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன், ஒய்பி."

"அப்ப கட்டுக்கதைதான். அப்படி நடந்திருந்தா என்கிட்ட ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா? சொல்லியிருந்தா அன்னிக்கே போய் நின்னுருப்பேன்லா." அவர் கேமராவைப் பார்த்தார். "நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். உங்களுக்கும், உங்க பேப்பருக்கும்."

சின்னப் பத்திரிகை அது. ஒரு வழக்கைத் தாங்காது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

பிரேமளாவின் விரல்கள் பேனாவைச் சுற்றி இறுகின. அவள் தலையைத் தூக்கவில்லை. மீகூன் இருந்த பக்கம் தவறிக்கூடத் திரும்பவில்லை.

அவள் ஏன் திரும்பவில்லை என்று மோகனாவுக்குத் தெரியும்.

அப்படியே போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இவள் எழுதுவது நின்றால், நாளையிலிருந்து வீட்டில் அந்தப் பெயர் கேட்காது. காலையில் அவர் முகத்தில் அந்தப் பரபரப்பு இருக்காது. பேசாமல் நின்றால் போதும்.

மோகனா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்தாள்.

"நான்தாங்க சொன்னேன்."

கேமரா அவள் பக்கம் திரும்பியது. பிரேமளா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆர்டன் தோட்டத்துக்கு அன்று பலகாரம் கொண்டுபோனது மோகனாதான். கணேஸ்வரன் காரில் போன பிறகு அதிகாரி வந்து கேட்டபோது, பிஸ்கட்டைத் தட்டில் கொட்டிவிட்டு டின்னைக் கொடுத்ததும் அவள்தான். எதற்கென்று அப்போது தெரியவில்லை. பிறகு அமராவதி என்ற கிழவி சாவியை அதில் போடாமல் கைக்குள் மூடிக்கொண்டு நின்றதையும், அதிகாரி அவள் விரல்களைப் பிரித்ததையும் பார்த்தாள்.

கணேஸ்வரன் அவளைப் பார்த்தார்.

முழுதாக, இமைக்காமல் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை கோபமாக அவர் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் அடங்கியது.

"நிருபர்கிட்ட போய்ச் சொன்னியா?" மைக் இன்னும் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. "எப்ப சொன்ன?"

"மறுநாள்தாங்க" என்றாள் மோகனா. "சாவி கொடுத்த அன்னிக்கு ராத்திரியே, சாப்பிடும்போது, உங்ககிட்ட சொன்னேன்."