கட்டிலில் இருப்பவர்

சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்த தர்ஷினி, "கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன். நீங்க படுங்க" என்றாள். கணவர் கவின்ராஜ் உடனே படுத்துவிட்டார். அவள் கண்ணெதிரிலேயே நாலு பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு அடித்திருந்ததால், அவருக்கு ஏற்கெனவே கண் சொக்கிக்கொண்டிருந்தது.

விழித்தபோது ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கட்டில் அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது.

"யோவ், பேஷண்ட் என் சம்சாரம்! நான் கூட இருக்கறவன்!"

"மருத்துவ உதவிச் சட்டத்தில் இன்று காலை ஒரு சிறு தொழில்நுட்பத் திருத்தம் வந்திருக்கிறது, ஐயா" என்றது கட்டில் பணிவாக. "நோயாளி என்றால் கட்டிலில் இருப்பவர். வேறு யாராவது வந்து அமரும்வரை நீங்கள்தான்."

இறங்கப் பார்த்தார். கட்டில் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு, உப்பில்லாத கஞ்சியை நீட்டியது.

நல்லவேளையாக, சாயங்காலம் மச்சான் ஹரிஷ் சாத்துக்குடிப் பையோடு வந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலில் உட்காராமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. கவின்ராஜ் அவசரமாகக் காலை மடக்கி இடம் விட்டார்.

"வாங்க மச்சான்! பஸ்ல வந்த அலுப்பு, அப்படியே சாயுங்க."

ஹரிஷ் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பை இறக்கப் போனார்.

"அண்ணே, ஸ்டூல்ல உக்காரு!" வாசலில் தர்ஷினி பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "சட்டத்த மாத்துனத நான் காலையிலேயே நியூஸ்ல பாத்துட்டேன்."