முன் சீட்டு

அந்தப் பெண் யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

பதின்மூன்று வயது இருக்கும். காதில் ஹெட்போன். இனி கிரேன் வைத்துத் தூக்கினால்தான் உண்டு என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வாங்க வந்த மற்றவர்கள் இன்னும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் செய்த குட்டி வேன் அது. வெளியிலிருந்து பார்த்தால் சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். உள்ளே மூன்று வரிசை, ஏழு பேர் உட்காரலாம். சந்து பொந்தில்கூட வளைத்துத் திருப்பலாம். பழைய வண்டிதான், ஆனால் பக்கத்துக் கதவு பொத்தானை அமுக்கினால் தானாக வழுக்கித் திறக்கும்.

இரட்டைப் பையன்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பொத்தான் ஒன்றே போதும். திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். வால் ஒன்றுதான் குறைச்சல்.

அவர்களுடைய அம்மா கடைசி வரிசையை மடக்கிப் பார்த்தார். வீட்டுக்காரர் டயரை உதைத்துப் பார்த்தார். உதைத்தால் என்ன தெரியும் என்று இத்தனை வருஷமாக எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாங்க வருகிற ஒருவரும் உதைக்காமல் போனதில்லை.

அவரும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு சின்னக் காரில் வந்திருந்தார்கள். ஒன்று துடைத்துவைத்த மாதிரி சுத்தம். மற்றதில் சீட்டு முழுக்க பிஸ்கட் தூள். ஐந்து பேரும் எங்கே போனாலும் இப்படி இரண்டு வண்டியில் போனால் கட்டுப்படியாகுமா? வேன் விற்றுப்போன மாதிரிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பொண்ணு சரின்னு சொல்லணுங்க. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறடி மனிதர், உள்ளங்கை வியர்வையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டே சொல்கிறார். அந்த அம்மாவும் ஓரக்கண்ணால் முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு செல்லம் கொடுத்தால், பிள்ளை தலைமேல் ஏறி உட்காராமல் என்ன செய்யும்?

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிப் பார்க்கும் முன் எல்லாரையும் நானே உட்காரவைப்பேன். அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் இறங்க மனசு வராது. இத்தனை வண்டி விற்றது அப்படித்தான்.

அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தேன். பையன்களை நடு வரிசையில் அள்ளிப் போட்டேன். கடைசியாக முன் கதவைத் திறந்து குனிந்தேன்.

“பாப்பா, நீ பின்னாடி ஏறிக்கோ. அப்பா பக்கத்துல அம்மா உட்காரட்டும்.”

பையன்கள்கூடப் பொத்தானை விட்டுவிட்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா, தான் பின்னாலேயே உட்கார்ந்துகொள்வதாக அவசர அவசரமாகச் சொன்னார்.

ஒரு சீட்டுக்கு இத்தனை அமர்க்களமா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். என்னை முறைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். வெளியே கைப்பையை இறுக்கிப் பிடித்து நின்ற அந்த அம்மாவை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

பிறகு பெல்ட்டை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். அந்த அம்மா ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, பையன்களைத் தாண்டிப் பின்னால் போனாள். மடக்கியிருந்த சீட்டைத் தானே நிமிர்த்தி, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இவ்வளவுதான் விஷயம். பிள்ளைகளிடம் பேசத் தெரிய வேண்டும்.

அவர் கண்ணாடியில் கடைசி வரிசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாவியைத் திருகவே இல்லை. கல்யாணத்துக்குள் வண்டி கைக்கு வந்துவிடுமா என்று கேட்டார்.

“தாராளமா. வீட்டுல யாருக்கு சார் கல்யாணம்?”

அவர் பக்கத்தில் இருந்த அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

“எங்க அப்பாவுக்கும் ஆன்ட்டிக்கும்தான் அங்கிள். இப்பதான் முடிவாச்சு.”