ஏறுகிற கோடு

கணிப்பு பலித்தால்தான் புராஜெக்டில் பாஸ் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். புள்ளியியல் மாணவன் ஞானசுந்தர், பால் விலை ஏறும் என்று காட்டும் கோட்டை வரைந்து, பலிக்கட்டும் என்று கல்லூரி வாசல் டீக்கடைச் சுவரில் ஒட்டினான். கடைக்காரர் காதர் அதைப் பார்த்து அன்றே டீ விலையை ஏற்றினார். டீ ஏறியதைக் கண்ட பால்காரர் மறுநாளே பாலை ஏற்றினார். மாடல் அபாரம் என்றார் பேராசிரியர். விடுதியே ஞானசுந்தரை உதைக்கத் தேடியது. காதர்தான் அவனைப் பால் கேன்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து டீ கொடுத்தார்.

“காசெல்லாம் வேணாம் தம்பி. சர்க்கரைக்கும் ஒரு கோடு போட்டுக் குடு.”

“பசங்க கொன்னுடுவானுங்கண்ணே. பாலுக்கே எறங்குற மாதிரி ஒண்ணு போட்டுத் தரட்டுமா?”

காதர் அந்த ஒரு கோட்டைத் தவிரக் காலியாகக் கிடந்த சுவரை நிதானமாகப் பார்த்தார்.

“அத ஒட்ட எடமில்லையேப்பா.”