முதுகு காட்டிய பூக்கள்

"அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க. இந்தா இருக்குல்லா நம்ம லொக்கேஷன்."

போட்டோகிராபர் லிங்கேஷ் கத்திய கத்தில் மாப்பிள்ளை செல்வக்குமார் காரை ஓரங்கட்டினார்.

குருவிகுளம் ரோட்டை ஒட்டி ஒரு சூரியகாந்திக் காடு. கண்ணுக்கு எட்டியவரை பூ. நடுவில் நீலச் சட்டை மாட்டிய காவல் பொம்மை ஒன்று.

காலையிலிருந்து இது மூன்றாவது இடம். காற்றாலைக்கு அடியில் என் மகள் கோகிலாவின் முந்தானை முகத்திலேயே அறைந்தது. குளக்கரையில் ஆட்டு மந்தை நகர மறுத்தது.

தை பிறந்ததும் நிச்சயம். அன்றைக்கு வைக்கிற பேனருக்குத்தான் இந்தப் படம். நிச்சயத்துக்கு முன் பெண்ணைத் தனியாக அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் பின்சீட்டில் நானும் இருந்தேன்.

"இந்தப் பக்கத்துல இப்படி ஒரு வெள்ளாமைய நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி" என்றான் லிங்கேஷ் என்னிடம்.

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

கோகிலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

ஒரே மகள். பையனின் படிப்பு, வேலை, ஜாதகம் எல்லாம் விசாரித்தாயிற்று. ஆள் எப்படி என்பதை மட்டும் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு சிக்கல் இருந்தது. பூவெல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. ரோடு மேற்கே. இங்கிருந்து எடுத்தால் பூவின் முதுகுதான் தெரியும். சுற்றிப் போகவும் வழியில்லை. அந்தப் பக்கம் மக்காச்சோளம் ஒட்டி நின்றது.

லிங்கேஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"உள்ள எறங்கிருவோம் அண்ணே. நடுவுல நாலஞ்சு செடியச் சாச்சுட்டா ரெண்டு பேரும் நிக்கலாம். காட்டுக்காரன் ஆளையே காணோம்."

சொல்லிக்கொண்டே காமிராப் பையை வரப்பில் வீசினான். ஓரத்துச் செடி ஒன்று சாய்ந்தது.

தேனீ மொய்க்கிற நேரம் அது. இப்போது ஆள் நுழைந்து கலைத்தால் மணி பிடிக்காது. சொல்லியிருக்கலாம். சொன்னால், மாமனார் சொல்லுக்காக மாப்பிள்ளை நிற்பார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

தாயே கோமதி, என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

செல்வக்குமார் வரப்பில் கால் வைத்தார்.

குனிந்தார். சாய்ந்த செடியை நிமிர்த்தி, தூரில் மண்ணை அணைத்து, புதுச் சட்டையில் அழுக்குப் படாமல் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் லிங்கேஷ். யாரோ பாடுபட்டு வச்சிருக்காவ. இங்கன ரோட்டோரமே நிக்கோம்."

"எல்லாம் முதுகக் காட்டிட்டுல்லா நிக்கு. பூ கூட ஒங்களத் திரும்பிப் பாக்கலியேன்னு பாக்கிறவன் சிரிப்பான்."

"அது வெயிலப் பாக்கட்டும்வே. நீ எங்களப் பாரு."

கோகிலா சிரித்தாள். காலையிலிருந்து லிங்கேஷ் கேட்டுக் கேட்டும் வராத சிரிப்பு. கிளிக் சத்தம் விடாமல் கேட்டது.

எனக்குத்தான் கண் மங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

லிங்கேஷ் காமிராவைத் திருப்பிப் படங்களைக் காட்டினான். இருவருக்கும் பின்னால் பூக்களின் பச்சை முதுகுகள், வரிசை வரிசையாக. அவற்றுக்கு மேலே கையை விரித்து நின்றது பொம்மை.

"இந்தப் பொம்மை ஒண்ணுதான் அசிங்கமா இருக்கு. கம்ப்யூட்டர்ல அழிச்சிருதேன்."

"அழிக்காதீங்க" என்றாள் கோகிலா. "அது இருக்கணும்."

செல்வக்குமார் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் பொம்மையைப் பார்த்தேன். வெளுத்துப்போன நீலச் சட்டை. அவளைக் காலேஜில் சேர்க்கப் போன அன்று நான் போட்டிருந்தது. மொட்டு விரிந்த மறுநாள், கிளிக்குப் பயந்து நானே கொண்டுவந்து மாட்டியது.